கோயில் கடாவும் பஞ்சுக்குச்சியும்

சித்தூரை அடுத்த புத்தலப்பட்டு வட்டாரத்தில் மூக்குள்ள பிராணி எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஆடு, மாடு, எருமை, கழுதை, கல்யாண ஊர்வலத்துக்கு வந்த வாடகைக் குதிரை என்று எல்லாவற்றின் மூக்குத் துவாரத்துக்குள்ளும் அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எப்போதும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "சந்தேகமா கீது."

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் காகித உறை போட்ட பஞ்சுக்குச்சிகளை வைத்திருப்பார். நான் எண்ணிய நாட்களில் ஆறுக்குக் குறைந்ததில்லை. அதனால் ஊரில் அவர் பெயர் பஞ்சுக்குச்சி. எங்கள் கிறிஸ்தவ சபைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் காரியதரிசி நான்தான். ஆனாலும் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

திருப்பதியில் ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். டாக்டர் இல்லை. பாட்டில் கழுவச் சேர்ந்தார். கிருமிகளை வளர்ப்பதற்கான சூப்பு காய்ச்சுகிறவராக ஓய்வு பெற்றார். அந்த சூப்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மாட்டின் இதயத்தை வேகவைப்பதில் தொடங்கி, குதிரை ரத்தத்தைத் தெளியவைத்து மேலாக எடுத்துச் சேர்ப்பது வரை சொல்லாமல் விடமாட்டார். "நமக்கு நோவு வந்தா ஆஸ்பத்திரியில ரெண்டு இட்லி குடுக்கறான். இந்தக் கிருமிக்கு குதிர ரத்தத் தெளிவு குடுத்தாலும் வளர மாட்டன்னு அடம் புடிக்குது சார்" என்பார்.

அவர் சந்தேகம் எல்லாம் ஒரே ஒரு கிருமிக் குடும்பத்தின் மேல்தான். ஒரு மழைக்காலத்தில் எனக்குப் பதினெட்டு நாள் இருமல் நிற்கவில்லை. பயந்துபோய் அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு இது வராது சார். இது ஆட்டுக்கு, மாட்டுக்கு. மனுசனுக்கு வேற கம்பெனி."

"ஆட்டுக்கு வந்தால் என்ன செய்யும்?"

"மேல போனா மூச்சு. செருமும், மூக்கு ஒழுவும், நெஞ்சு கட்டிக்கும். கீழ போனா சினை. நிக்காது, நின்னாலும் கலைஞ்சிடும். ஒரே குடும்பம், ரெண்டு தொழில்."

"பென்சிலின் போட்டால் போய்விடாதா?"

அவர் என்னைப் பார்த்த அதே பார்வையால், கணக்கு வாத்தியாராக இருந்தபோது நான் பல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

"பென்சிலின் இன்னா பண்ணும்? கிருமியோட செவுத்த இடிக்கும். அது செவுரு இடிக்கிற கூலிக்காரன். இந்தக் கிருமிக்கு செவுரே கிடையாது. கூலிக்காரன் கடப்பாறய தூக்கிக்கினு வந்து பாப்பான், இடிக்க ஒண்ணும் இருக்காது, டீ குடிச்சிட்டுப் போய்டுவான்."

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். சபையில் ஒரு கல்யாணம், பிரியாணிக்கு ஏழு ஆடு. பந்தி உட்காரும் நேரத்தில் பின்கட்டில் சத்தம். போய்ப் பார்த்தால், வெட்டிய ஆடுகளின் நுரையீரல்களை வாழையிலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பஞ்சுக்குச்சி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். சமையல்காரர் கரண்டியோடு நின்றார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"பஞ்சு மாரி அமுங்கணும். கல்லு மாரி இருந்தா சந்தேகம். ஆறு கீது, ஏழாவது எங்க?"

"கொழம்புல போட்டாச்சு."

"எடு."

"எப்டிய்யா எடுக்கறது? வெந்துக்கினு கீது!"

அன்று அவர் வெறும் ரசம் சோறு சாப்பிட்டு எழுந்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நானும் ரசத்தோடு எழுந்தேன். வேகவைத்தால் கிருமி செத்துவிடாதா என்று வழியில் கேட்டேன். "செத்துடும் சார். துன்னுறவனுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா அந்த ஏழாவது ஆடு எந்த மந்தையிலேந்து வந்துது? அந்த மந்தையில மிச்சம் கீறதுங்க உசுரோட கீதே, அதுங்கள பத்தி யாரு கேக்கறது?" என்றார். ஒரு கல்யாண வீட்டிலிருந்து வரும் மனிதர் பேசுகிற பேச்சா இது?

கிறிஸ்துமஸ் நாடகத்தில் இன்னொன்று. மேய்ப்பர் மூன்று பேர், நிஜ ஆட்டுக்குட்டி இரண்டு. தேவதூதன் நற்செய்தி சொல்ல வாயைத் திறந்த சமயம் ஒரு குட்டி தும்மியது. முன்வரிசையிலிருந்து பஞ்சுக்குச்சி எழுந்தார், மேடை ஏறினார், மண்டிபோட்டுக் குட்டியின் முகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். ஜனங்கள் அவரை நான்காவது மேய்ப்பன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்த வருஷ நாடகத்தில் வாங்கிய ஒரே கைதட்டல் அதுதான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட ஒருவரை நம்புவதா வேண்டாமா? நான் நம்பவில்லை. காரணம் இருந்தது. ஆட்டுச் சந்தையில் ஒரு வியாபாரியோடு அவர் காதோடு காதாகப் பேசியதை நான் நான்கு முறை பார்த்தேன். நோய் என்று புரளி கிளப்பி ஆட்டின் விலையை இறக்கிவிடுவது, வியாபாரி சல்லிசாக வாங்கிக்கொள்வது, பிறகு இருவரும் பங்கு போட்டுக்கொள்வது. வேறு என்னவாக இருக்க முடியும்? முப்பத்தொரு வருஷம் பாட்டில் கழுவியவருக்கு ஆட்டு மூக்கின் மேல் வெறும் பாசம் வந்துவிடுமா?

இந்தச் சந்தேகம் எனக்கு முற்றியது கோயில் கடா விஷயத்தில்தான்.

கிருபை என்று ஒருத்தி. ஆறாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். புருஷன் இல்லை. பதினான்கு பெட்டையாடுகளும் ஒரு மகனும்தான் அவள் சொத்து. அந்த மகன் நெடுஞ்சாலையில் லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அடுத்துப் பிறக்கும் முதல் கடாக்குட்டி கோயிலுக்கு என்று பொருத்தனை செய்தாள். பிள்ளை பிழைத்தான். கடாக்குட்டியும் பிறந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட்டுச் சபைக்குச் சேர்ப்பதற்காக இரண்டு வருஷம் வளர்த்தாள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அதற்குச் சாலமன் என்று பெயர் வைத்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்தது; வேதத்தில் வரும் சாலமன் ராஜாவுக்கு எழுநூறு மனைவிகள்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குத் தீங்கு வராது, அதனிடமிருந்து தீங்கு வெளியேயும் போகாது என்பார்கள். ஆகவே ஆடு வைத்திருந்த ஐந்து வீட்டுக்காரர்களும் தங்கள் பெட்டைகள் பருவத்துக்கு வந்தால் சாலமனிடம்தான் ஓட்டி வந்தார்கள். கேட்க ஆளில்லை, கோயில் சொத்து. ஆசீர்வாதமும் சேர்ந்து கிடைக்கும் என்று வேறு நினைத்தார்கள்.

அந்த வருஷம் கிருபையின் ஆடுகளில் ஒன்பது சினையாகி, ஆறு கலைந்தன. மிச்சமிருந்தவை செரும ஆரம்பித்தன. அவள் முகம் வற்றிவிட்டது. ஆடு போனால் அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. மற்ற நான்கு வீட்டிலும் இரண்டு, மூன்று என்று கலைந்தன. கமிட்டிக் கூட்டத்துக்குப் பஞ்சுக்குச்சி தானாக வந்து நின்றார்.

"ஐயா, நம்ம கோயில் கடா மேல எனக்கு சந்தேகம்."

போதகர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். "என்ன சந்தேகம் அண்ணா? யாராவது திருடப் பாக்கறாங்களா?"

"இல்லீங்க ஐயா. அதும் மூக்குல ஒரு குச்சி, கீழ ஒரு குச்சி உட்டுப் பாக்கணும்."

"கீழன்னா?"

"கீழதான் ஐயா."

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்கள். அதை எப்படிப் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை எழுதி அடித்து, கடைசியில் 'கடாவின் உடல்நலம் பற்றிய பொதுவான விசாரணைக்கு அனுமதி அளிக்கப்பட்டது' என்று எழுதினேன். விசாரணையைக் காரியதரிசி உடனிருந்து கண்காணிக்க வேண்டும் என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன். அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை.

கிருபை கேள்விப்பட்டு ஓடி வந்தாள்.

"யோவ்! எம் பொருத்தனைக்கு கெட்ட நோவு கீதுன்னு சொல்றியா? எம் புள்ளைய குடுத்த சாமிக்கு நோவுக் கடாவ குடுத்தன்னு சொல்றியா? உன் வாயில புழு உழ!"

"புழு அப்பறமா உழட்டும். உன் மூணாவது ஆட்டுக்கு மூக்கு ஒழுவுது, அத்த தனியா கட்டு மொதல்ல."

"சார், நீங்களே கேளுங்க சார் இந்த ஆள!" என்று என்னிடம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "கர்த்தர் ஏத்துக்காத காணிக்கையா சார் அது?"

கணக்கு வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா? நான் பஞ்சுக்குச்சியின் முகத்தைப் பார்த்தேன். எல்லாப் பிராணியையும் பற்றி உடனே தீர்ப்புச் சொல்கிற மனிதர், அவளுக்கு மட்டும் பதில் சொல்லாமல் குச்சி உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

கடாவைப் பிடிக்க நான்கு பேர். கொம்புக்கு இரண்டு, பின்னங்காலுக்கு ஒன்று, வாலுக்கு நான். மூக்கில் குச்சி போனபோது சாலமன் பொறுத்துக்கொண்டது. இரண்டாவது குச்சியின்போது தன் கருத்தை என் வேட்டியில் தெரிவித்தது. அந்த வேட்டியை ஐந்து முறை துவைத்தும் பயனில்லை. கிருபையின் ஆடுகளிலிருந்தும் அவர் குச்சி எடுத்தார். அவள் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவர் குச்சிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துத் திருப்பதி பஸ் ஏறினார். நானும் பின்வாசல் வழியாக ஏறி, கூட்டத்துக்குள் மறைந்து நின்றுகொண்டேன். வழியில் எங்காவது அந்த வியாபாரி ஏறுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பது என் திட்டம். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் முன்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"சார், உங்களுக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். ஒளிஞ்சிக்கினு நிக்காதீங்க. வந்து பிளாஸ்க்க புடிங்க, கை வலிக்குது."

போய்ப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் பிளாஸ்கைக் காட்டி என்னிடம் தெலுங்கில், "ஏமய்யா, பிளாஸ்க்லோ ஏமுந்தி? பாலா?" என்றார்.

"காது. மேக சீமிடி" என்றார் பஞ்சுக்குச்சி. பால் இல்லை, ஆட்டுச் சளி என்று அர்த்தம். கண்டக்டர் மீதிச் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

வியாபாரி விஷயத்தை நேராகவே கேட்டுவிட்டேன். "சந்தையில் அவனோடு என்ன ரகசியம்?"

"எந்த ஊர் ஆட்ட எந்த ஊர்ல வித்தான்னு கேக்கறேன். ஆடு போற வழியிலதான நோவும் போவும்? சத்தமா கேட்டா சொல்ல மாட்டான் சார், யாவாரம் கெட்டுடும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததாலேயே நான் முழுக்க நம்பவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் டாக்டர், தெலுங்குக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். பிளாஸ்கை வாங்கிக்கொண்டு பஞ்சுக்குச்சிக்கு நாற்காலி போட்டார். எனக்குப் போடவில்லை. "ஆயன அனுமானிஸ்தே ஏதோ உண்டுந்தி சார்" என்று என்னிடம் சொன்னார். அவர் சந்தேகப்பட்டால் ஏதோ இருக்கும் என்று பொருள். இந்தக் கிருமி சோம்பேறி, வளர இரண்டு வாரமாவது பிடிக்கும் என்றார்.

பண்டிகைக்கு இருந்ததோ ஆறு நாள்.

அறுப்பின் பண்டிகை ஏலம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காணிக்கையாக வந்த பொருளை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்தவர் அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார். மறுபடி ஏலம். போன வருஷம் ஒரு பூசணிக்காய் ஒன்பது முறை ஏலம் போனது. கடைசிவரை யாரும் அதைச் சமைக்கவில்லை. முதல் சுற்றிலேயே திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டவன் என்று எங்கள் சபை வரலாற்றில் ஒருவரும் இல்லை. கடைசி ஏலக்காரர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த வருஷம் கிருபை நீங்கலாக மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து கடைசியில் சாலமனை எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த நான்கு மந்தையிலும் அதைச் சுற்றுக்கு விடப் போகிறார்கள் என்றும் பேச்சு.

"ஐயா, ஏலத்த தள்ளி வைங்க" என்று பஞ்சுக்குச்சி போதகரிடம் கெஞ்சினார்.

"மத்த எல்லாம் ஏலம் போய், அந்தக் கடா மட்டும் நின்னா, கிருபை எப்படி அண்ணா தல நிமிந்து கோயிலுக்குள்ள வருவா?"

பஞ்சுக்குச்சி சட்டைப் பையிலிருந்த குச்சிகளை எடுத்துச் சீராக்கித் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார்.

பண்டிகை அன்று காலையில் நான் போனபோது காணிக்கை ஆடுகள் எட்டும் எட்டு மூலையில் கட்டியிருந்தன. எங்கள் கோயில் வளாகத்துக்கு நான்கு மூலைதான். மற்ற நான்கையும் அவர் எங்கிருந்து கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒன்றின் மூச்சு ஒன்றின் மேல் படக்கூடாதாம். சாலமன் மணிக்கூண்டுக்குப் பின்னால் தனியாக நின்றது. கழுத்தில் கனகாம்பர மாலை. கிருபை போட்டது.

சாலமன் ஏலத்துக்கு வந்ததும் கூட்டாளிகள் நால்வரும் கேட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். பஞ்சுக்குச்சி! ஒரு தேங்காயைக்கூட ஏலத்தில் எடுத்திராத மனிதர். நால்வர் ஏற்ற ஏற்ற அவரும் ஏறினார். நான் போதகரின் காதில், "பார்த்தீர்களா ஐயா? நோவு நோவு என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான்" என்றேன். என் சந்தேகம் மெய்யானதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

கடா அவருக்கே விழுந்தது. கூட்டம் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, "திருப்பிக் குடுங்க! திருப்பிக் குடுங்க!" என்று கத்தியது.

அவர் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"குடுக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது.

"அண்ணா, வழக்கம்..." என்றார் போதகர்.

"எனக்கு வேணும் ஐயா. புடிச்சிருக்குது. குடுக்க மாட்டேன்."

நூற்று நாற்பது பேர் பார்க்க, அவர் கடாவை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். "கஞ்சன்", "பேராசக்காரன்" என்று நான் கேட்டவரை பதினோரு குரல்கள். வாலிபர் ஒருவர் விசிலடித்தார். கிருபை மட்டும் எழுந்து நின்றாள். முதலில் அவள் முகம் சிவந்தது. அப்புறம் மெல்ல மெல்ல வேறாகியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பாத்தியா? கொற சொன்ன ஆளே உடமாட்டன்றான். எங்கடான்னா அப்டி!"

அடுத்த ஞாயிறு போதகர் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சுக்குச்சி ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

குச்சிகளைக் கொடுத்த பதினாறாம் நாள் நான் அவரோடு மறுபடி திருப்பதிக்குப் போனேன். இந்த முறை, கடாவுக்கு நோவே இல்லை என்று காட்டி அவரைப் பிடித்துக் கொடுக்க. பெண் டாக்டர் என்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சின்னச் சின்ன ஆஃப்பாயில்கள். நடுவில் மஞ்சள் கரு போலத் தடித்து, சுற்றிலும் வெள்ளை போலப் பரவி, தட்டில் ஊற்றிய மாதிரி. பதினேழு எண்ணினேன்.

"கடாவோடது?" என்றேன்.

"கடாவோடது. கீழேந்து எடுத்தது. மூக்குலயும் கீது" என்றார் பஞ்சுக்குச்சி. "கிருபையோட ஆட்டுங்களுக்கும் கீது."

அன்றிலிருந்து நான் ஆஃப்பாயில் சாப்பிடுவதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பாதி வழியில் அவர் சொன்னார்: "சார், கமிட்டி நோட்டுல கடா சுத்தம்னு எழுதிடுங்க."

"அது பொய்."

"பொய்தான்."

"கிருபைக்கு என்ன சொல்வது? ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாமா?"

"பாக்கத்தான் போறோம். போன தைல அவ சந்தையில ரெண்டு பொட்ட வாங்கினா இல்ல? அதுங்களால வந்துதுன்னு சொல்லிக்கலாம். மத்த நாலு ஊட்டுக்கும் அதையே சொல்லி, மொத்தமா ஊசி போட்டுடலாம்."

"அதுவும் பொய்."

"அது பொய்யான்னு யாருக்கு சார் தெரியும்? அந்த ரெண்டும் கடாவுக்கு குடுத்துதா, கடா அந்த ரெண்டுக்கும் குடுத்துதா? யாரு மொதல்ல குடுத்தாங்கன்னு கிருமி சொல்லாது."

"கடாவைக் கறிக்குக் கொடுத்துவிடலாமே? சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"குடுக்கலாம். ஆனா அவ வாரத்துக்கு ரெண்டு வாட்டி எங்க ஊட்டு வேலியாண்ட வந்து அத்த பாத்துட்டுப் போறா சார்."

ஆயுள் முழுக்க எந்தப் பிராணிக்கும் சுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். கல்யாணப் பிரியாணியை, கிறிஸ்துமஸ் ஆட்டுக்குட்டியை விடாதவர். அவர் கொடுத்த ஒரே நற்சான்றிதழ், தப்பு என்று தெரிந்தே கொடுத்தது. 'கடா நல்ல நிலையில் உள்ளது' என்று கமிட்டி நோட்டில் நான் எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நோட்டில் நான் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அரசாங்கக் கால்நடை டாக்டர் வந்து ஐந்து மந்தைக்கும் ஊசி போட்டார். பென்சிலின் இல்லை, வேறு. செருமுகிற ஆடுகளைத் தனியாகக் கட்டினார்கள். கிருபையின் பதினான்கில் இரண்டு செத்தன. பன்னிரண்டு பிழைத்தன. அடுத்த வருஷம் வேறொரு கடாவிடம் விட்டு, பத்துக் குட்டிகள் பிறந்தன. குட்டிகளை எண்ண அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். எண்ணிக் காட்டினேன். "சரியா எண்ணுங்க சார்" என்று இன்னொரு முறை எண்ணச் சொன்னாள். அவளும் இருமுறை எண்ணினாள்.

இதை எழுதினால் கிருபைக்குத் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கிருபைக்குத் தமிழ் பேசத் தெரியும், கீர்த்தனைகள் மனப்பாடமாகப் பாடத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனது தெலுங்கில். அவள் மகனும் அப்படித்தான். எங்கள் சபையில் அச்சடித்த தமிழைப் படிக்கிறவர்கள் இப்போது ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரிடமும் பேசிவிட்டேன். மற்ற வாசகர்கள் சித்தூர் பக்கம் வந்தால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு போங்கள்.

சாலமனுக்கு ஊசி போட்டதில் செருமல் நின்றது. ஆனால் கிருமி முழுக்கப் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாதாம். அதனால் அது பஞ்சுக்குச்சியின் வீட்டுக் கொல்லையில், இரட்டை வேலிக்குள் தனியாக வாழ்கிறது. கிருபை வேலிக்கு வெளியே நின்று சண்டை போடுவாள்.

"யோவ், ஒரே ஒரு நாளைக்கு குடுய்யா. எங்க ஆடு ரெண்டு பருவத்துல நிக்குது. அது நான் பெத்த கடாய்யா!"

"குடுக்க மாட்டேன்."

"கஞ்சப் பிசினாறி! செத்தா இன்னா தலையில வெச்சிக்கினா போவப் போற?"

"ஆமா. போ."

அவள் திட்டிக்கொண்டே போவாள். ஆனால் போகிற நடையில் ஒரு நிமிர்வு இருக்கும். ஊரில் யாருடைய காணிக்கைக்கும் இப்படி ஒரு கிராக்கி வந்ததில்லை அல்லவா? அவர் அவள் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு, சாலமனின் மூக்கைத் துடைத்துவிடுவார்.

போன மாதம் வடமாலபேட்டையில் இருக்கும் அவர் மகளுக்கு ஆபரேஷன். போக வேண்டும், ஆனால் கடாவை யாரிடம் விடுவது? வேறு எந்த ஆடும் அண்டாமல், கிருபை வந்தால் கதவைத் திறக்காமல், விஷயம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். ஊரில் அப்படி ஒரே ஆள்தான். எனக்கு ஆட்டு வாசனை ஆகாது. ரோமம் பட்டால் தும்மல் வரும். ஆனாலும் "போய் வாருங்கள்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஒன்பது நாள். தினமும் இரண்டு வேளை தழை போட்டேன். கிருபையிடம் நான்கு முறை திட்டு வாங்கினேன். "நீங்களும் அந்த ஆளோட சேந்துட்டீங்களா சார்?" என்று அவள் கேட்டபோது, ஆமாம் என்றேன்.

பத்தாம் நாள் வெயிலில் ரோட்டு ஓரம் நின்றேன். முதல் பஸ்ஸில் அவர் வரவில்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இறங்கினார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "எப்படி கீது?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். கடாவைத்தான் கேட்டார் என்று தெரியும். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் வந்து சேர்ந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் சந்தேகப்படுவார்.